இடது தோளில் சாயும் ஹார்ப்

ஹார்ப் என்றதும் பலருக்கும் தோன்றுவது ஆர்க்கெஸ்ட்ராவின் ஓரத்தில் நிற்கும் பெரிய வாத்தியம்தான். பொன்முலாம் பூசிய தூண், ஒற்றை வரிசைத் தந்தி, காலடியில் ஏழு பெடல். நான் வாசிப்பது வேல்ஸ் நாட்டின் பழைய மூவரிசை ஹார்ப். வேல்ஷ்காரர்கள் அதை டெலின் டெய்ரெஸ் என்பார்கள். இதில் பெடல் கிடையாது. மூன்று வரிசையிலும் சேர்த்து நூற்றுக்குச் சற்றுக் குறைவான தந்திகள் இருக்கும். வெளி வரிசைகள் இரண்டுக்கும் ஒரே சுருதி. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டை ஸ்வரம் ஒன்றைத் தேடினால் அது இடப்பக்கமும் இருக்கும், வலப்பக்கமும் இருக்கும். கறுப்புக் கட்டைக்குரியவை நடு வரிசையில். அவை வேண்டுமென்றால் வெளித் தந்திகள் இரண்டுக்கு இடையே விரலை நுழைத்து, பக்கத்தில் உள்ளவற்றைத் தொடாமல், உள்ளே இருப்பதை மீட்டிவிட்டு வெளியே வர வேண்டும்.

வாத்தியம் இடது தோளில் சாயும். பெடல் ஹார்ப் வலது தோளில் சாய்வது. ஆகவே கைகளின் வேலையும் இங்கே தலைகீழ். இடக்கை மேல் ஸ்தாயியில் மெட்டை எடுக்கும். வலக்கை மந்தரத்தைப் பார்த்துக்கொள்ளும். வலக்கைப் பழக்கமுள்ள ஒருவருக்கு முதல் மாதங்கள் கடினம்தான். ஆனால் இடக்கை ஒருமுறை மெட்டின் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டால், வேறெந்த வகையிலும் இந்த இசையை வாசிக்க மனம் வராது.

இதன் உயிர் நடு வரிசையில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு தந்தி இருக்கிறதே, அங்கேதான் இருக்கிறது. ஒற்றை வரிசை ஹார்ப்பில் ஒரு ஸ்வரத்தை உடனே திரும்ப மீட்ட வேண்டுமானால் அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியிலேயே விரலை வைத்தாக வேண்டும். விரல் பட்ட கணத்தில் முதல் நாதம் அடங்கிவிடும். அதன் பிறகே அடுத்தது எழும். மூவரிசையில் இடக்கை ஒரு தந்தியை மீட்டிவிட்டு விலகும்போது, அதே ஸ்வரத்தை வலக்கை தன் பக்கத்துத் தந்தியில் மீட்டும். முதல் தந்தியை யாரும் தொடவில்லை. அது ஒலித்துக்கொண்டே இருக்க, இரண்டாவது அதன்மேல் படரும். ஒரு ஸ்வரத்தில் மட்டுமல்ல, மெட்டு முழுவதிலும் இதைச் செய்யலாம். இடக்கை மெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போகும். வலக்கை மந்தரத்தை விட்டு மேலே ஏறி வந்து, அரைத் தட்டு பிந்தி, அதே மெட்டைத் தன் வரிசையில் வாசிக்கும். தந்திகளின் இரு புறமும் இரண்டு கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரே இடத்தில் வேலை செய்யும். ஆடும் ஊஞ்சலைத் தள்ளுபவரின் கை போல, பின்னால் வரும் கைக்குத் தன் நேரம் தெரிந்திருக்க வேண்டும். துளி முந்தினால் மெட்டு குழம்பும்; துளி பிந்தினால் லயம் நின்றுபோகும்.

இந்த இரட்டைகளைச் சுருதி சேர்ப்பதே தனி வேலை. நாங்கள் போடுவது குடல் நரம்பு. காற்றின் ஈரத்தை அது உடனே உணரும். வேல்ஸில் ஈரமில்லாத காற்று என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது. காலையில் சேர்த்த சுருதி மதியம் நகர்ந்திருக்கும். இடத் தந்தியை முதலில் சேர்த்து, வலத் தந்தியை அதனோடு ஒட்ட வைத்து, இரண்டையும் சேர்த்து மீட்டிக் கேட்டால், சேராத இடத்தில் நாதம் அலை அலையாக அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பு மெல்ல மெல்லத் தணிந்து நிற்கும் வரை சாவியைத் திருப்ப வேண்டும். நடு வரிசையில் ஒரு நரம்பு அறுந்தால் பொறுமைக்குச் சோதனை. பெட்டியின் பின்துளை வழியாகக் கையை விட்டு, முடிச்சிட்ட நரம்பை உள்ளிருந்து மேலே அனுப்பி, இரு பக்கத் தந்திகளுக்கும் நடுவே அதை வெளியே இழுத்து முளையில் சுற்ற வேண்டும். கச்சேரிக்கு முன் இந்த வேலை வாய்த்தால் கை நடுங்கும். இருந்தாலும் இந்த வேலைகளை வேறொருவரிடம் கொடுக்க நான் விரும்பியதில்லை. சுருதி சேர்க்கும் நேரத்தில்தான் காது வாத்தியத்துக்குள் போகிறது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர், நான்ஸி ரிச்சர்ட்ஸிடம் நேரே பயின்ற ஒருவரிடம் கற்றவர். ஆகவே நான்ஸியை நான் பார்த்ததில்லை என்றாலும், என் இடக்கையின் அசைவுகள் சிலவற்றில் அவர் இருக்கிறார் என்று நம்புகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

நான்ஸி 1888-இல் மான்ட்கோமரிஷயரில், பெனிபான்ட்வாவ்ர் என்ற மலையடிவாரக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மேடைப்பெயர் டெலினோரெஸ் மால்ட்வின். மால்ட்வின் என்பது அந்த மாவட்டத்தின் வேல்ஷ் பெயர். அவர் மால்ட்வினின் ஹார்ப் கலைஞர். அவர் பிறந்த காலத்தில் மூவரிசை ஹார்ப் தேய்ந்துகொண்டிருந்தது. இத்தாலியில் 1600-ஐ ஒட்டிய காலத்தில் உருவான வாத்தியம் இது. லண்டனுக்கு வந்து, அங்கே இருந்த வேல்ஷ் கலைஞர்கள் கைக்குப் போய், 18-ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் சொந்த வாத்தியமாகவே ஆகிவிட்டது. ருவாபொன் ஊரின் ஜான் பாரி, கண் பார்வையற்றவர், வின்ஸ்டே மாளிகைப் பிரபுவிடம் ஹார்ப் கலைஞராக இருந்தார். வேல்ஷ் மெட்டுகளின் முதல் அச்சுத் தொகுப்பை 1742-இல் கொண்டுவந்தவர் அவர்தான். அதன் பிறகு இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது. ஊர்களில் மெதடிஸ்ட் சமய எழுச்சி நடனத்தையும் மதுக்கடையையும் விலக்கச் சொன்னபோது, அவற்றோடு சேர்ந்திருந்த ஹார்ப்பும் விலக்கப்பட்டது. நகரங்களில் பெடல் ஹார்ப் வந்து மேடையைப் பிடித்துக்கொண்டது. ஹார்ப் தயாரிப்பாளர் எரார் 1810-இல் காப்புரிமை பெற்ற இரட்டைச் செயல் பெடலால் எந்தக் கட்டைக்கும் நொடியில் போய்விட முடியும். மூவரிசையில் அது அவ்வளவு எளிதல்ல. பென்கெர்த் குவாலியா என்று அழைக்கப்பட்ட ஜான் தாமஸ் சிறுவனாக மூவரிசையில் தொடங்கியவர்தான். லண்டனில் படித்தபோது பெடல் ஹார்ப்புக்கு மாறி, விக்டோரியா அரசியின் ஹார்ப் கலைஞர் வரை உயர்ந்தார். திறமையுள்ள இளைஞர்கள் அவர் போன வழியில் போனதில் வியப்பில்லை. லானோவர் சீமாட்டி மட்டும் விடாமல் நின்றார். மூவரிசை ஹார்ப்புகளைச் செய்ய வைத்தார், போட்டிகளில் அவற்றையே பரிசாகக் கொடுத்தார், தன் வீட்டில் கலைஞரை வைத்துக் காத்தார். அவர் 1896-இல் காலமானபோது நான்ஸி பள்ளிச் சிறுமி.

வாத்தியத்தைக் காத்த இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்கு மாளிகை கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸுக்குள் வந்த ஏப்ரஹாம் வுட் என்ற ரோமானி நாடோடியின் சந்ததி, முதலில் பிடில், பிறகு ஹார்ப் என்று தலைமுறை தலைமுறையாக வாசித்தது. நியூடவுன் ஜான் ராபர்ட்ஸ் தாய்வழியில் அந்தக் குடும்பம். 1889-இல் பாலா ஊருக்கருகே பாலே மாளிகையில் தங்கியிருந்த விக்டோரியா அரசியின் முன் தன் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தவர். நான்ஸியின் பண்ணைக்கும் ஜிப்ஸிக் குடும்பங்கள் வந்து தங்கிப்போவதுண்டு. அந்தச் சிறுமி அவர்கள் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தாள். முறையாகக் கற்றது டாம் லாய்டிடம். டெலினோர் கெய்ரியோக் என்ற பெயரில் அந்த வட்டாரம் முழுக்க அறியப்பட்ட மூவரிசைக் கலைஞர் அவர்.

நான்ஸியின் முதல் பெரிய வெற்றிகள் வேல்ஸின் கலைப் போட்டி விழாவான தேசிய ஐஸ்டெத்வொட்டில் வந்தன. 1908-இல் லாங்கோலென், 1909-இல் லண்டன், 1910-இல் கால்வின் பே. மூன்று ஆண்டும் மூவரிசைப் போட்டியின் பரிசு அவருக்கே. பிறகு லண்டனின் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் கொஞ்ச காலம் இருந்தார். மியூசிக் ஹால் மேடைகளில் வாசித்தார். 1923 முதல் 1925 வரை அமெரிக்காவில் சுற்றினார். அங்கே தானிய உணவுத் தொழிலதிபர் கெல்லாகைச் சந்தித்து, அவர் பெயர் வேல்ஷில் சேவலின் பெயரைப்போல ஒலிக்கிறது, சேவலையே சின்னமாக வையுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நான்ஸி பற்றிப் பேச்செடுத்தால் பலரும் முதலில் சொல்வது அதைத்தான். கதை சுவையானதுதான். ஆனால் என்னைக் கவர்ந்தது வேறு. பெடல் ஹார்ப்பையும் கற்றவர் அவர். அதை வலது தோளிலும், மூவரிசையை இடது தோளிலும் வைத்து வாசித்தார். இரண்டு வாத்தியங்களின் கைப்பழக்கமும் எதிரெதிர். பெடல் ஹார்ப்பில் வேலைக்கும் பெயருக்கும் குறைவிருந்திருக்காது. அப்படிப்பட்டவர் மூவரிசையைக் கீழே வைக்கவே இல்லை. திரும்பி வந்து வேல்ஸின் கிராமங்களில், கூட்டங்களில், விழாக்களில் அதையே வாசித்துக்கொண்டிருந்தார். டெலினோரெஸ் எரரி என்ற எடித் எவான்ஸுடன் சேர்ந்து ஸ்னோடோனியா பகுதியில் ஹார்ப்பும் பாட்டும் கலந்த குழு ஒன்றையும் நடத்தினார்.

நான்ஸியின் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். நடுவயது தாண்டியபின் பதிவானவை. ஹார்ப் என்றால் கனவுபோல மிதக்கும் இசை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நான்ஸியின் வாசிப்பில் தரை தெரியும். தாளத்தின் எடை விழும் இடம் ஒவ்வொரு அடியிலும் தெளிவாக இருக்கும், எழுந்து ஆடலாம். மெட்டை முதலில் எளிமையாகச் சொல்வார். அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டாகப் பிரியும், அதற்கடுத்ததில் மூன்றாகும், பிறகு மந்தரக் கையும் ஓடத் தொடங்கும். எவ்வளவு வேகம் ஏறினாலும் மூல மெட்டு காதிலிருந்து நழுவாது. இந்த மாறுபாட்டு வாசிப்பு ஜான் பாரியின் காலத்திலிருந்தே வருவது. ‘புட் ஆர் அ பீஸ்’ என்ற சின்ன நடன மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டாகப் பார்த்தால் ஒரு குழந்தை பாடிவிடும். நான்ஸியின் கையில் அது சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, கடைசியில் இரண்டு கைகளும் எதிரெதிரே நின்று ஒரே ஸ்வரங்களை மாற்றி மாற்றி வீசும்போது, வாசிப்பது ஒருவரா இருவரா என்று தோன்றும்.

இதைத் தாளில் எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள், நானும் அச்சுப் புத்தகங்களை வைத்துத்தான் பல மெட்டுகளைக் கற்றேன். ஜான் பாரியும், அவருக்குப் பின் 1784-இல் எட்வர்ட் ஜோன்ஸும் அச்சிட்டு வைக்காவிட்டால் நூற்றுக்கணக்கான மெட்டுகள் போயிருக்கும். ஆனால் தாளில் இரட்டை ஸ்வரம் இரட்டை ஸ்வரமாக மட்டும் தெரியும். எந்தக் கை முந்துகிறது, பின்கை எவ்வளவு மெலிந்து வருகிறது, எந்த இடத்தில் இரண்டும் சம பலம் கொள்கின்றன என்பது அதில் இராது. என் ஆசிரியர் எதிரே தன் ஹார்ப்பை வைத்து அமர்ந்து, ஒரு வரியை வாசித்து நிறுத்துவார். நான் திருப்பி வாசிப்பேன். அவர் பேச்சு குறைவு. சில சமயம் தன் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் மட்டும் வாசித்து, என்னை வலக்கையால் மட்டும் அதற்குப் பின்னே வரச் சொல்வார். இரண்டு ஹார்ப்பில், இரண்டு பேராக, ஒரே மெட்டின் இரண்டு கைகள். பிறகு இடம் மாறுவோம். இப்படி வாசித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பின்கை எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கும். நான்ஸியிடமிருந்து வந்தது இந்தப் பயிற்சியா, பின்னால் சேர்ந்ததா என்று நான் கேட்டதில்லை; அவர் காலத்துக் கலைஞர்கள் எப்படிக் கற்றிருப்பார்கள் என்பது மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது விளங்கியது.

வேல்ஷ் ஹார்ப் கலைஞரின் வாழ்க்கையில் பாதி, தனி வாசிப்பே அல்ல. கெர்த் டான்ட் என்ற பாடல் முறை அவரை நம்பியே நிற்கிறது. ஹார்ப் ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும். பாடுபவர் அந்த மெட்டைப் பாடமாட்டார். அதே சுருதிக்கும் தாளத்துக்கும் இசைந்த வேறொரு மெட்டில் கவிதையைப் பாடுவார். ஹார்ப் முதலில் தொடங்கும், பாட்டு சில அடிகள் பிந்திச் சேரும், இரண்டும் சேர்ந்தே முடிய வேண்டும். இங்கே கலைஞர் தன் திறமையைக் காட்டப் போனால் பாடகர் தவித்துப்போவார். மாறுபாடுகளை எல்லாம் மடக்கி வைத்துவிட்டு மெட்டைச் சுவர்போல நேராக நிறுத்த வேண்டும். இந்தக் கலைக்கென்று 1934-இல் தொடங்கிய சங்கம் இன்றும் ஆண்டுதோறும் விழா நடத்துகிறது. தனி வாசிப்பில் பறக்கத் தெரிந்த கையைப் பாட்டுக்கு முன் அடக்கி வாசிக்கப் பழக்கும்போதுதான் அந்தக் கைக்கு நிதானம் வருகிறது என்பது என் அனுபவம். நான்ஸி தனியாக வாசிக்கும்போதும் அந்த நிதானம் கேட்கும். வேகத்தின் நடுவிலும் அவர் எங்கும் அவசரப்படுவதில்லை.

முதுமையில் அவரைத் தேடி மாணவர்கள் வந்தார்கள். ஆங்கிள்சி தீவின் லியோ ரத்தெர்க் அவர்களில் ஒருவர். எழுத்தை நம்பாமல் காதையும் கையையும் நம்பும் முறையை இன்றைய தலைமுறைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ராபர்ட்ஸ் சகோதரர்கள் டாவித், குவின்டாவ் இருவரும் நான்ஸியிடம் கற்றவர்களே. 1976-இல் உருவான ஆர் லோக் நாட்டுப்புற இசைக்குழுவில் ஹார்ப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் உலக மேடைகளுக்குப் போனார்கள். வேல்ஸ் பல்கலைக்கழகம் 1977-இல் நான்ஸிக்கு கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1979 டிசம்பரில் அவர் காலமானார். அவர் பெயரிலான அறக்கட்டளை ஆண்டுதோறும் இளம் ஹார்ப் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது.

நான்ஸி ஒருவர்தான் இந்தக் கலையைக் காப்பாற்றினார் என்று சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவரைப் போற்றுவதற்கு அது தேவையும் இல்லை. ஜான் ராபர்ட்ஸின் கொள்ளுப்பேத்தி எல்ட்ரா ஜார்மன் தன் ரோமானிக் குடும்பத்தின் மெட்டுகளையும் வாசிப்பு முறையையும் காத்து வைத்திருந்தார். அவரிடமிருந்து ராபின் ஹியூ போவென் கற்றார். போவென் பின்னர் மூவரிசைக் கலைஞர்களை மட்டுமே சேர்த்து ஒரு குழு அமைத்தபோது அதற்கு ரேஸ் கானோல், அதாவது நடு வரிசை, என்று பெயர் வைத்தார். ஐந்து மூவரிசை ஹார்ப்புகள் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டால், லானோவர் சீமாட்டியின் காலத்தில் இந்த வாத்தியத்துக்காக அஞ்சியவர்களை நினைத்துக்கொள்வேன். சிறுமி நான்ஸி தன் பண்ணையில் கேட்ட ஜிப்ஸிகளின் இசையும், எல்ட்ராவின் வீட்டு இசையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அவரவர் வழியில் அவை என் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் கேட்டுப் பழகியவர்களால் வித்தியாசத்தைச் சொல்ல முடியும். ரோமானி வழியில் அலங்காரம் சற்றுக் கூடுதல், லயத்தில் நீக்குப்போக்கு கூடுதல். நான்ஸியின் வழியில் அடி உறுதி. எனக்குப் பழகியது இரண்டாவது. முதலாவதைக் கேட்கும்போது ஆசை எழாமல் இல்லை.

இப்போது கொஞ்ச காலமாக நான் ஒரு மெட்டின் மூன்றாம் சுற்றில் இருக்கிறேன். இடக்கை மும்மூன்றாக இறங்கி வரும்போது வலக்கை மந்தரத்தில் இரண்டு அடி வைத்துவிட்டு, உடனே மேலே தாவி இரட்டை வாசிப்பில் சேர வேண்டும். தாவும் தூரம் அதிகம். இறங்கும் இடத்தில் சரியான தந்திக்கு விரல் போக வேண்டும், பக்கத்தில் அதிர்ந்துகொண்டிருப்பதில் படக் கூடாது. பதிவில் நான்ஸி அந்த இடத்தைக் கடக்கும் விதத்தைக் கவனித்தேன். தாவுவதற்கு நேரம் எடுப்பதற்காக அவர் தாளத்தைத் தளர்த்தவில்லை. மந்தரத்தின் இரண்டாம் அடியைச் சற்றுக் குறுக்கி வாசிக்கிறார். நாதம் குறுகுவதால் அந்த அடிக்கு ஒரு துள்ளலும் கிடைத்துவிடுகிறது. ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, “அது உனக்குக் கேட்டுவிட்டதா? சரி, இனி மெதுவாக வாசி. அந்தக் குறுக்கல் மெதுவான நடையிலும் வர வேண்டும்” என்றார். அதைத்தான் இந்த மாதம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறேன்: பாதி வேகத்தில், வலக்கை மட்டும், குறுகிய அந்த ஒரு அடி.